இது போனஸ் அல்ல

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வந்தால் ஆராவமுதன் மீட்டர்ஸ் கம்பெனியில் பரீட்சை. நூற்று நாற்பத்து மூன்று பேரும் எழுதியாக வேண்டும். பாடம் ஒன்றே ஒன்றுதான், நன்றி சொல்வது. ஃபெயிலானவர்கள் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வர வேண்டும்.

கம்பெனி வைட்ஃபீல்டு போகிற வழியில் இருந்தது. பெங்களூர் ஆட்டோக்களில் மாட்டுகிற மீட்டர் செய்தார்கள். ஆட்டோக்காரர்கள் அந்த மீட்டரைப் போட்டார்களா என்பதை நம்மிடம் கேட்கக் கூடாது. வாசலில் நுழைந்ததும் ஸ்தாபகர் ஆராவமுதனின் ஆளுயரப் படம் இருக்கும். அதன் கீழே தங்க எழுத்தில் 'நாம் ஒரு குடும்பம்' என்று எழுதியிருக்கும். அந்தக் குடும்பத்துக்குள் ஏழரை மணிக்குள் நுழைய வேண்டும். ஏழு முப்பத்தொன்றுக்கு வந்தால் குடும்பம் அரைநாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை பரீட்சைக்கு 'அன்புக் கொடை விழா' என்று பெயர். வெள்ளிக்கிழமை வெறும் கவரை வைத்து ஒத்திகை. நடத்துகிறவர் பர்சனல் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன். வலது காலை முன்னால் வைத்து வர வேண்டும். கவரை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். தலை இவ்வளவு குனிய வேண்டும் என்று தூணில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். தலை கோட்டைத் தொட வேண்டும், முதுகு மட்டும் வளையக் கூடாது. வளைந்தால் நடிப்பு என்று முதலாளி நினைத்துவிடுவாராம். ஒரு வருடம் பிரஸ் மெஷினில் வலது கை விரல் நசுங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு வந்த வள்ளியம்மா கவரை இடது கையால் வாங்கினாள். அவளை மூன்று தடவை வரிசைக் கடைசிக்கு அனுப்பினார்கள். நாலாவது தடவை கட்டை அவிழ்த்துவிட்டு வந்தாள். மனம் இருந்தால் வழி இருக்கிறது பாருங்கள் என்று வெங்கடகிருஷ்ணன் மைக்கில் பாராட்டினார்.

கவருக்குள் ஒரு மாதச் சம்பளம் இருக்கும். வாங்கினவர்கள் பக்கத்து மேஜையில் நன்றிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இங்கிலீஷ் கடிதம்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இது எனக்கு வர வேண்டியது அல்ல. சட்டப்படி தர வேண்டியதும் அல்ல. இது போனஸ் அல்ல. முதலாளியின் பெருங்கருணை. இதற்கு நான் தகுதியற்றவன் என்பதை அறிவேன்.' பெண்கள் 'தகுதியற்றவள்' என்று படித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடிதங்களை அடிக்கிறவள் பிரிஜெட். காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற டைப்பிஸ்ட். எழுபத்து நாலில் வேலைக்குச் சேர்ந்தாள், அந்த வருடம்தான் கடிதமும் ஆரம்பித்தது. சைக்ளோஸ்டைல் போட்டுவிடலாமே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். நன்றியைப் பிரதி எடுக்கக் கூடாது என்று பெரியவர் ஆராவமுதன் சொல்லிவிட்டார். அதனால் நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் தனித்தனியாக, ஒரே கடிதத்தை, அவளே அடிப்பாள். தனக்குத் தானே தகுதியற்றவள் என்றும் அடித்துக்கொள்வாள். ஒரிஜினல்களைச் சிவப்பு கேலிகோ துணி போட்டு பைண்டு பண்ணி, வருடத்துக்கு ஒரு வால்யூமாக முதலாளி அறைக் கண்ணாடி பீரோவில் அடுக்குவார்கள். தங்க எழுத்தில் முதுகில் வருடம் இருக்கும். வருகிற விருந்தாளிகளுக்குக் காப்பி கொடுத்தபின் அதைக் காட்டுவது வழக்கம்.

கார்பன் காப்பிகளை மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு எடைக்குப் போட வேண்டும் என்று ஆபீஸ் விதி. எடைக்குப் போனால் என்ன, வீட்டுக்குப் போனால் என்ன என்று பிரிஜெட் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுபோனாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அவள் புருஷன் யூஜின் புத்தகம் பைண்டு பண்ணுகிறவன். அவன் அதையெல்லாம் தைத்து அட்டை போட்டு, மகள் ஜூலியாவுக்கு ரஃப் நோட்டு ஆக்கிக் கொடுத்தான். அந்தப் பெண் பெருக்கல் வாய்பாடு படித்ததே முதலாளியின் கருணைக்குப் பின்பக்கம்தான்.

பெரியவர் கண்ணை மூடினார். மகன் ஸ்ரீஹர்ஷா அமெரிக்காவில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குள் ஊரில் எலெக்ட்ரானிக் மீட்டர் வந்துவிட்டது, பழைய மீட்டர் விற்கவில்லை, நஷ்டம். இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில். அந்த வருடம் பிரிஜெட்டுக்கு ஒரே கவலைதான். ஜனவரியில் ஜூலியாவுக்குக் கல்யாணம். சர்ச் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இரண்டாயிரத்தை டிசம்பர் முதல் தேதிக்குள் கட்டாவிட்டால் அடுத்து நிற்கிற பார்ட்டிக்கு மண்டபம் போய்விடும். அவள் சம்பளம் இரண்டாயிரத்து நானூறு. அதில் இரண்டாயிரத்தை எடுத்து வைத்தால் அந்த மாதம் முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டும். தீபாவளிக் கவரை நம்பித்தான் முன்பணமே கொடுத்தாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சுற்றறிக்கையை அடிக்கச் சொல்லி வெங்கடகிருஷ்ணன் கொடுத்தார். 'சமீப காலமாக நம் குடும்பத்தில் ஒரு தகாத வார்த்தை புழங்குகிறது. அதை உச்சரிப்பவர்கள் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ரூபாய் டப்பாவில் போட வேண்டும். வசூலாகும் தொகை ஸ்தாபகர் படத்துக்கு மாலை வாங்கச் செலவிடப்படும்.' எந்த வார்த்தை என்று அதில் இல்லை. பிரிஜெட் போய்க் கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் 'போனஸ்' என்று எழுதிக் காட்டி, சீட்டைக் கிழித்து நாலு குப்பைத் தொட்டியில் பிரித்துப் போட்டார்.

அறிவிப்புப் பலகையில் அதைப் படித்தவர்கள் எல்லாரும் எந்த வார்த்தை, எந்த வார்த்தை என்று அவரையே வந்து கேட்டார்கள். முதல் மூன்று நாளில் டப்பாவில் பதினோரு ரூபாய் விழுந்தது. அதில் ஏழு ரூபாய், விளக்கம் சொன்ன வகையில், வெங்கடகிருஷ்ணன் போட்டது. காசு என்று வந்தால் ரசீது இருக்க வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னதால் ஒரு ரசீதுப் புத்தகமும் அச்சடித்தார்கள். 'போனஸ் என்று உச்சரித்த வகைக்கு ரூபாய் ஒன்று நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கும், கீழே பர்சனல் மேனேஜர் கையெழுத்து. ஏழு ரசீதை அவர் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டார்.

அந்த வருடமும் விழா நடந்தது. வெள்ளிக்கிழமை வெறும் கவரோடு ஒத்திகை, சனிக்கிழமை விழா. பந்தல், மைக், மாலை எதற்கும் குறைவில்லை. கவரை வாங்கினவர்கள் கையில் எடை தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் ஸ்ரீஹர்ஷா பேசினார்.

"போன வருஷம் வரைக்கும் உங்களுக்குப் பணம் குடுத்தோம். பணம் என்ன ஆகும், செலவாயிடும். இந்த வருஷம் கம்பெனி நஷ்டத்துல இருக்கு. அதனால செலவே ஆகாத ஒண்ணைக் குடுக்கணும்னு டிசைட் பண்ணினேன். உங்க மேல எனக்கிருக்கற டிரஸ்ட், நம்பிக்கை. அதுதான் அந்தக் கவருக்குள்ள இருக்கு. டேக்ஸ் கூடக் கிடையாது."

கை தட்ட வேண்டிய இடம் என்று வெங்கடகிருஷ்ணன் ஜாடை காட்டினார். தட்டினார்கள். ஸ்ப்ரிங் செக்ஷன் சொர்ணம் மட்டும் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், பிறகு மேடைக்கே போனாள்.

"சார், என் கவர்ல டிரஸ்ட் கம்மியா இருக்குது. மாத்திக் குடுங்க" என்றாள்.

அவளை வரிசைக் கடைசிக்கு அனுப்பினார்கள். அவள் கடைசிக்குப் போகவில்லை, கேட்டுக்கு வெளியே போய்விட்டாள்.

பக்கத்து மேஜையில் கடிதம் தயாராக இருந்தது. பிரிஜெட் நாலு நாள் உட்கார்ந்து அடித்தது. அந்த வருடம் ஒரு வரி கூட்டியிருந்தார்கள்: 'இம்முறை எதுவும் தராத பெருந்தன்மைக்கு என் விசேஷ நன்றி.' அடிக்கும்போதே மண்டபம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அடித்தாள், கையெழுத்தும் போட்டாள். இருபத்து நாலு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போனது.

சொர்ணம் மர்ஃபி டவுன்காரி. அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் சர்க்கார் ஃபாக்டரியில் வேலை செய்கிற ஒருவர் இருந்தார். அவர்தான் போனஸ் என்பது முதலாளி இஷ்டமில்லை, சட்டம் என்று சொன்னாராம். சொர்ணம் ஒரு மனு எழுதி அறுபத்தொரு கையெழுத்து வாங்கினாள். பிரிஜெட்டிடமும் வந்தாள். கல்யாண நேரம், வேலை போய்விட்டால் என்ன பண்ணுவது என்று பிரிஜெட் முனகினாள். சொர்ணம் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது பிரிஜெட்டுக்கு.

நவம்பர் முதல் வாரம் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கம்பெனிக்குக் கவலையே இல்லை. வக்கீல் சுந்தரேசன் வந்து கண்ணாடி பீரோவைப் பார்த்து, இதைவிட என்ன சாட்சி வேண்டும், எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே என்றார். வால்யூம்களைக் கம்பெனி வேனில் ஏற்றினார்கள். கடிதங்கள் உண்மையானவை என்று சொல்ல, மனுவில் கையெழுத்துப் போடாத விசுவாசி என்ற முறையில், பிரிஜெட்டையும் ஏற்றினார்கள்.

லேபர் ஆபீசர் நாராயணசாமி கோலார் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார், மெதுவாகப் பேசுவார், ஒவ்வொரு பதிலையும் தானே எழுதிக்கொள்வார். அவர் மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் பழைய கெஜட் ஒன்றை மடித்து வைத்திருந்தார். ஒரு பக்கம் சொர்ணமும் நாலு பேரும், இன்னொரு பக்கம் கம்பெனி. நடுவில் இருபத்து நாலு சிவப்பு வால்யூம்.

வெங்கடகிருஷ்ணன் எழுந்து கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"சார், எங்க கம்பெனி ஒரு கோயில். கோயில்ல பிரசாதம் குடுப்பாங்க, அதை பில் போட்டுக் கேக்க முடியுமா? இருபத்து நாலு வருஷத்துல நாங்க ஒரு பைசா போனஸ் குடுத்தது கிடையாது. குடுத்ததெல்லாம் அன்பு. இதை நான் பெருமையா சொல்லிக்கறேன்."

சுந்தரேசன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். வெங்கடகிருஷ்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"ஒரு பைசாவும் போனஸ் இல்லை?" என்று கேட்டார் நாராயணசாமி.

"ஒரு பைசா கூட இல்லை சார். ஒவ்வொரு கடுதாசியிலும் எழுதியிருக்கு. இது போனஸ் அல்ல, இது போனஸ் அல்லன்னு மூவாயிரத்து நானூறு தடவை எழுதியிருக்கு."

"பெருமையான்னும் எழுதிக்கட்டுமா?"

"தாராளமா எழுதிக்குங்க சார்."

நாராயணசாமி எழுதினார். எழுதின இடத்தில் வெங்கடகிருஷ்ணனிடம் கையெழுத்தும் வாங்கினார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, போனஸ் சட்டம் உங்கள் கம்பெனியைவிட வயதில் பெரியது என்று ஆரம்பித்தார். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் சம்பளத்தில் எட்டு புள்ளி மூன்று மூன்று சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். கணக்கு வருடம் முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆறு மாதம் வரை உள்ளே இருக்கலாம். இதுவரை ஒரு வருடமும் கொடுக்கவில்லை என்று கம்பெனியே பெருமையோடு எழுதிக் கொடுத்துவிட்டதால், இந்த ஒரு வருடத்தை மட்டும் பேசுவதா, இருபத்து ஐந்து வருடத்தையும் பேசுவதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது என்றார்.

வெங்கடகிருஷ்ணன் கோட்டுப் பட்டனைக் கழற்றினார். சுந்தரேசன் எழுந்து, மேனேஜர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், அன்பு என்று சொன்னது ஒரு மரியாதைக்கு, உண்மையில் வருடாவருடம் கொடுத்தது போனஸ்தான் என்றார்.

"ஆய்த்து, முடிஞ்சுது. வருஷாவருஷம் போனஸ் குடுத்தீங்க. அப்போ இந்த வருஷம் எங்கே?" என்றார் நாராயணசாமி.

சுந்தரேசன் உட்கார்ந்துவிட்டார். நாராயணசாமி பிரிஜெட் பக்கம் திரும்பி, கவரில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். ஒரு மாதச் சம்பளம் என்றாள். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று சொல்லி, அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் நூறைப் பன்னிரண்டால் வகுத்தார்.

"எட்டு புள்ளி மூணு மூணு. அஷ்டே" என்றார். அவ்வளவேதான் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு பெரியவர் படம் போட்ட முதல் வால்யூமை மூடினார். "பெரியவருக்குச் சட்டம் தெரிஞ்சிருக்குதும்மா. கருணை தசமப் புள்ளி வரைக்கும் கரெக்டா இருக்கு."

பிரிஜெட்டுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சூடானது. எண்பத்து மூன்றில் ஜூலியாவுக்கு டைஃபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்தக் கவரில்தான் பில் கட்டினாள். அந்தச் சனிக்கிழமை பெரியவர் காலில் விழுந்து அழுதாள். அவர் தலையில் கை வைத்து, அழக் கூடாது, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கு அவர் கொடுத்தது, கொடுக்காவிட்டால் சர்க்கார் அவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கக்கூடிய பணம். தனக்குச் சேர வேண்டிய காசுக்குத் தான் தகுதியற்றவள் என்று இருபத்து நாலு வருடம் தன் விரலாலேயே அடித்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. அவமானம் தீர்ந்த பின்னால் கோபம் வந்தது, அது தீரவில்லை.

கொடுத்தது அன்பா, போனஸா? பத்து நாளில் கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும், அன்றைக்கு வால்யூம்களையும் கொண்டுவர வேண்டும் என்று கேஸைத் தள்ளி வைத்தார்கள்.

மறுநாள் பிரிஜெட்டை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள். இருபத்து நாலு வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அன்பு என்றால் பழைய வருடங்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும், போனஸ் என்றால் இந்த வருடத்துக்குக் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாத மூன்றாவது வழியை ஸ்ரீஹர்ஷா இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்திருந்தார். கடிதங்களை முதலிலிருந்து மறுபடி அடிக்க வேண்டியது. 'இது போனஸ் அல்ல' என்ற வரியை எடுத்துவிட்டு, 'போனஸ் முழுவதும் பெற்றேன், இனி எந்த வருடமும் கேட்க மாட்டேன்' என்று போட வேண்டியது. கையெழுத்துகளை வேறு ஆள் பார்த்துக்கொள்வார். மூவாயிரத்து நானூறு கடிதம், பத்து நாள். பழைய டைப்ரைட்டர், பழைய காகிதம் எல்லாம் வந்துவிட்டது.

சும்மா இல்லை என்றார் வெங்கடகிருஷ்ணன். ஜூலியாவின் மண்டபப் பாக்கியைக் கம்பெனி கட்டிவிடும். கல்யாணப் புடவையும் முதலாளி வீட்டிலிருந்து வரும்.

பிரிஜெட் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டாயிரம் ரூபாய். டிசம்பர் முதல் தேதிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. அதை வெங்கடகிருஷ்ணனே கெடுத்துக்கொண்டார்.

"மண்டபத்துக்கும் புடவைக்கும் சேத்து ஒரு நன்றிக் கடுதாசி அடிச்சுடுங்க. பழைய மாடல்தான், உங்களுக்குத் தெரியுமே. தகுதியற்றவள்ங்கிற வரி முக்கியம்" என்றார்.

பிரிஜெட் எழுந்துவிட்டாள்.

"இருபத்து நாலு வருஷமா நீங்க சொன்னதை சொன்ன மாதிரியே அடிச்சேன் சார். ஒரு எழுத்து மாத்தலை. இப்பவும் மாத்த மாட்டேன். எழுதினது நீங்க, அதை நீங்களே வெச்சுக்குங்க."

அந்த டைப்ரைட்டரில் உட்கார அவளைத் தவிர வேறு ஆள் அவர்களிடம் இல்லை. கோபத்தில் அவளை சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த உத்தரவை அடிக்கவும் ஆள் இல்லாமல் வெங்கடகிருஷ்ணன் கையால் எழுதிக் கொடுத்தார், இரண்டு எழுத்துப்பிழையோடு. பிரிஜெட் அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் ஜூலியாவிடம் விஷயத்தைச் சொன்னாள். மண்டபம் போனால் போகட்டும், சர்ச் காம்பவுண்டில் ஷாமியானா போட்டுக்கொள்ளலாம், ஆனால் பிரியாணி மட்டும் குறையக் கூடாது என்றாள். யூஜின் கட்டிலுக்கு அடியில் குனிந்து தகர டிரங்க் பெட்டியை இழுத்தான். தான் தைத்த எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. ஜூலியாவின் ரஃப் நோட்டுகள் வரிசையாக இருந்தன. அவன் ஒன்றைத் திருப்பிக் காட்டினான். ஒரு பக்கம் ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு, மறுபக்கம் 'இது போனஸ் அல்ல'.

"என்னாடி, இவ்ளோ நாள் இது மேலதானே படுத்துத் தூங்கறோம்" என்றான் யூஜின்.

பத்தாம் நாள் கம்பெனி வெறுங்கையோடு வந்தது. வெங்கடகிருஷ்ணன் முகத்தை இழவு வீட்டுக்கு வந்த மாதிரி வைத்துக்கொண்டு, வால்யூம்களைக் கரையான் தின்றுவிட்டது, ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை, இனி அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

"கண்ணாடி பீரோ மரமா, இரும்பா?" என்று கேட்டார் நாராயணசாமி.

"இரும்பு, சார்."

"எழுபத்து நாலுலேருந்து தின்னாத கரையான் இந்தப் பத்து நாள்ல இருபத்து நாலையும் தின்னுருக்குது. நல்ல பசி."

அப்போது கதவைத் திறந்துகொண்டு பிரிஜெட்டும் யூஜினும் டிரங்க் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி வந்தார்கள். மேஜைமேல் வைத்ததும் குட்டைக் கால் கெஜட்டை விட்டு நழுவி மேஜை ஒரு ஆட்டம் ஆடியது. பிரிஜெட் இந்தத் தடவை கம்பெனிப் பக்கம் போகவில்லை. சொர்ணம் நகர்ந்து இடம் விட்டாள். அவளிடமிருந்த மனுவின் காப்பியைக் கேட்டு வாங்கி, அறுபத்திரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டபின்தான் பிரிஜெட் உட்கார்ந்தாள்.

இருபத்தொரு வருடக் காப்பி பெட்டியில் இருந்தது. நாராயணசாமி ஒவ்வொரு நோட்டாகத் திருப்பினார். ஒரு பக்கத்தைப் படிப்பார், மறுபக்கத்தையும் படிப்பார். ஓரிடத்தில் நின்று, இந்தக் கணக்கு தப்பும்மா, மீதி ஏழு வரணும் என்று சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருத்தினார். பிறகு நிமிர்ந்து, சாட்சி சொன்னவரைக் கேஸ் நடக்கும்போது வேலையிலிருந்து எடுத்துத்தான் பாருங்கள் என்று கம்பெனிப் பக்கம் சொன்னார். கரையானைப் பற்றித் தனியாக ஒரு விசாரணை வைக்கலாமா என்றும் கேட்டார்.

வேண்டாம் என்றார் சுந்தரேசன். வெளியே போய் ஸ்ரீஹர்ஷாவுக்கு ஃபோன் பண்ணிவிட்டு வந்தார். கொடுத்ததெல்லாம் போனஸ், இந்த வருடத்துப் போனஸும் முப்பதாம் தேதி கொடுக்கப்படும், அந்த அம்மா வேலைக்கு வரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது 'போனஸ்' என்ற வார்த்தை வந்த இடத்திலெல்லாம் வெங்கடகிருஷ்ணன் கை தன்னையறியாமல் சட்டைப்பையைத் தடவியது.

முப்பதாம் தேதி திங்கட்கிழமை. பந்தல் இல்லை, மைக் இல்லை. ஸ்ரீஹர்ஷாவுக்கு அவசர வேலை வந்து மும்பை போய்விட்டார். வெங்கடகிருஷ்ணன் மட்டும் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சர்க்கார் சொன்ன போனஸ் ரெஜிஸ்டர், கவர்கள், தூணில் பழைய சாக்பீஸ் கோடு. பழக்க தோஷத்தில் அந்த டப்பாவையும் ரசீதுப் புத்தகத்தையும் மேஜைமேல் வைத்திருந்தார். சுற்றறிக்கையை யாரும் ரத்து செய்யவில்லை.

முதலில் வந்தவள் வள்ளியம்மா. கவரை இடது கையால் வாங்கினாள். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். தலை கோட்டுப் பக்கமே போகவில்லை. வெங்கடகிருஷ்ணன் காத்திருந்தார், நன்றி வரவில்லை. வள்ளியம்மா அவர் முகத்துக்கு நேராக, நிறுத்தி, நிதானமாக, "போனஸ்" என்றாள். ஒரு ரூபாயை டப்பாவில் போட்டாள். ரசீதுக்கு நின்றாள்.

அவர் எழுதித்தான் ஆக வேண்டும், ஆடிட்டர் உத்தரவு. போனஸ் என்று உச்சரித்த வகைக்கு ரூபாய் ஒன்று நன்றியுடன் பெற்றுக்கொண்டேன், வெங்கடகிருஷ்ணன். அடுத்து சொர்ணம் வந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை கேட்டு வரைக்கும் நின்றது. எல்லார் கையிலும் ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. கேண்டீனில் அன்று சில்லறை தீர்ந்துபோய்விட்டது. ஒவ்வொருவராக வந்தார்கள், ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், காசைப் போட்டார்கள், ரசீதை வாங்கிப் படித்துப் பார்த்தார்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருப்பிக் கொடுத்து வேறு எழுதச் சொன்னார்கள். சைக்ளோஸ்டைல் எடுத்துவிடலாமே என்று ஒரு கட்டத்தில் வெங்கடகிருஷ்ணன் கெஞ்சிப் பார்த்தார். நன்றியைப் பிரதி எடுக்கக் கூடாது என்று வரிசையில் யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

நூற்று நாற்பத்து மூன்றாவதாக பிரிஜெட் வந்தாள். கவரைப் பிரித்து அங்கேயே எண்ணினாள். இரண்டாயிரத்து நானூறு. மண்டபத்துக்கு இரண்டாயிரத்தைத் தனியாக எடுத்து கைப்பைக்குள் வைத்தாள். பிறகு வார்த்தையைச் சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள், இருபத்து நாலு வருடத்துக்கும் சேர்த்து. டப்பாவில் இடமில்லாததால் ரூபாயை மேலே வைத்தாள்.

வெங்கடகிருஷ்ணன் வீங்கின விரலோடு பேனாவை எடுத்தார். பிரிஜெட் ஒரு நிமிஷம் என்று நிறுத்தி, பையிலிருந்து ஒரு கார்பன் தாளை எடுத்து, ரசீதுப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு நடுவே ஒழுங்காகச் சொருகினாள்.

"காப்பியும் எனக்கு வேணும் சார். நல்லா அழுத்தி எழுதுங்க" என்றாள். "நாளைக்கு ஜூலியாவோட பசங்க பின்பக்கம் கணக்குப் போட ஆகும்."